பாலைவனத்துல ஒரு படிப்பாளி – 17: சுருக்குறதுக்கும் காசு



போன பதிவுல தூசிப்புயல் அடிச்ச நாளோட சாட்டிலைட் படம் ஒண்ணு போட்டிருந்தேன். "இதெல்லாம் எவ்வளவு இடம் பிடிக்கும், எதுல சேமிச்சு வைக்கிறே"ன்னு பின்னூட்டத்துல ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. ஒரு வரியில சொல்லிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். அது காப்புரிமை, கோர்ட்டு, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்னு எங்கெங்கயோ போயிடுச்சு. அதனால தனிப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு வரி: நான் குவைத்துல முதுகலை படிக்கிறேன், ஜாகை ஃபர்வானியா. சாட்டிலைட் படத்துல தூசி எங்க கிளம்புது, எங்க போகுதுன்னு ப்ரோக்ராமே கண்டுபிடிக்கணும். அதுதான் என் ஆய்வு. அதுக்குப் பழைய படங்கள் நிறைய வேணும். போன மாசம் சீனியர் ஒருத்தர் விட்டுட்டுப் போன ஹார்டு டிஸ்க் கிடைச்சுது. ஃபைல் பேர் சரியா இருக்கு, சைஸும் சரியா இருக்கு. திறந்தா மட்டும் "தேவையான ஃபில்டர் இல்லை"ன்னு ஒரே ஒரு வரி வருது.

பக்கத்துக் கட்டில் அண்ணன் திருநெல்வேலிக்காரர், ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறார். எட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்:

"என்ன தம்பி, ஃபைல் கெட்டுப் போச்சா?"

"கெடலைண்ணே. சுருக்கி வச்சிருக்காங்க. சுருக்குன முறைக்கு லைசென்ஸ் இருக்கு. அதனால இந்த மெஷின்ல இருக்குற சாஃப்ட்வேர்ல அதைச் சேர்க்காம விட்டுட்டாங்க."

"ஏல, சுருக்குறதுக்குமா காசு?"

ஆமாங்க, சுருக்குறதுக்கும் காசுதான். இந்தக் கதைக்கு நாப்பது வயசு ஆகுது.

முதல்ல எதுக்குச் சுருக்கணும்?

நம்ம ஊர்க் கணக்கையே எடுத்துக்குவோம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தகட்டுலயும் ஃபிலிம்லயும் இருக்கு. அதையெல்லாம் இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டலா மாத்திச்சு. ஒரு படம் 4096-க்கு 4096 புள்ளி, ஒரு புள்ளிக்கு 16 பிட். பெருக்கிப் பார்த்தா ஒரு படத்துக்கு 33 எம்பிக்கு மேல வருது. நாளைக்கு ஒரே ஒரு படம்னு வச்சாக்கூட நூறு வருஷத்துக்கு ஒரு டெராபைட்டைத் தாண்டிடும். சாட்டிலைட் படம்னா அதுல பல பட்டைகள் வேற. சுருக்காம காலம் தள்ள முடியாது. அந்தச் சுருக்குற வழியை ஒருத்தர் பிடிச்சு வச்சுக்கிட்டு சுங்கம் கேட்டா என்ன ஆகும்?

பக்காலா கணக்கு

எல்.இசட்.டபிள்யூ.ன்னு ஒரு சுருக்கு முறை இருக்கு. லெம்பெல், ஜிவ்னு ரெண்டு பேர் 1978ல வெளியிட்ட முறையை டெர்ரி வெல்ச் மெருகேத்தினது. வளைகுடாவுல இருக்குறவங்களுக்கு இதைப் புரிய வைக்குறது சுலபம். கீழ இருக்குற பக்காலாவுக்கு முதல் நாள் போன் பண்ணி "ரெண்டு பாக்கெட் குபூஸ், ஒரு லபான், ஆறு முட்டை"ன்னு நீட்டி முழக்குவோம். நாலாவது நாள் "வழக்கமானது"ன்னு சொன்னாலே போதும். கடைக்காரர் சேட்டனுக்கு யாரும் பட்டியல் எழுதிக் கொடுக்கல. சொல்லச் சொல்ல அவரே மனசுல குறிச்சுக்கிட்டார். எல்.இசட்.டபிள்யூ. செய்யுறதும் இதேதான். திரும்பத் திரும்ப வர்ற தொடருக்கு ஒரு எண் கொடுத்துடும். அந்த அகராதியைத் தனியா அனுப்ப வேண்டியதில்லை, பிரிக்கிறவர் தானே கட்டிக்குவார்.

வெல்ச் வேலை பார்த்த ஸ்பெர்ரி கம்பெனி 1983 ஜூன் 20-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சு, 1985 டிசம்பர்ல வாங்கிடுச்சு. இடையில 1984ல வெல்ச் இதை ஒரு கம்ப்யூட்டர் இதழ்ல கட்டுரையா எழுதினார். படிச்சவங்க எல்லாரும் ப்ரோக்ராமா எழுதிக்கிட்டாங்க. 1987ல கம்ப்யூசர்வ் கம்பெனி ஜிஃப் பட வடிவத்தைக் கொண்டு வந்தப்போ உள்ளுக்குள்ள வச்சது இதைத்தான். அதுக்கு முந்தின வருஷம், 1986ல, ஸ்பெர்ரியும் பரோஸும் சேர்ந்து யூனிசிஸ் ஆகியிருந்துச்சு. (நம்ம ஊர் டாடா பரோஸ் ஞாபகம் இருக்கா? டாடா யூனிசிஸ், டாடா இன்ஃபோடெக்னு பேர் மாறி, 2006ல டிசிஎஸ்ஸோட கலந்துச்சே, அந்தப் பரோஸ்தான்.)

1994 டிசம்பர் கடைசியில, எல்லாரும் லீவுல இருக்குற நேரமாப் பார்த்து அறிவிப்பு வந்துச்சு: ஜிஃப் எழுதுற மென்பொருள் விக்கிறவங்க உரிமக் கட்டணம் கட்டணும். ஏழு வருஷம் உலகமே பழகின பிறகு! 1999ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. உரிமம் இல்லாத மென்பொருள்ல செஞ்ச ஜிஃப் படத்தை வச்சிருக்குற இணையதளங்களும் 5000 டாலர் கட்ட வேண்டி வரலாம்னு பேச்சு கிளம்புச்சு. அந்த வருஷம் நவம்பர் 5-ஐ "எல்லா ஜிஃபையும் எரிப்போம்" நாள்னு கொண்டாடினாங்க. பொட்டி தட்டுறவங்க கொளுத்துன போகி அது :-)

இங்க காப்புரிமை இல்ல, ஆனா அடி இங்கயும் விழும்

அமெரிக்கா, கனடா, ஜப்பான், இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி. யூனிசிஸ் தன் காப்புரிமை இருக்குன்னு சொன்ன நாடுகள் இவை. இதுல இந்தியாவும் கிடையாது, குவைத்தும் கிடையாது. "அப்ப நமக்கென்ன"ன்னு இருந்திருக்கலாமே? முடியல.

ஏன்னா அறிவியல்காரங்க படம் வரையுற கருவிகள் எல்லாம் அந்த நாடுகள்ல இருந்துதான் வருது. வானியல், வளிமண்டலவியல் ஆட்கள் காலங்காலமா பயன்படுத்துற ஐடிஎல் மொழியில 5.4 பதிப்புல இருந்து ஜிஃப் வசதியை எடுத்துட்டாங்க. காப்புரிமை செத்த பிறகு 6.1-லதான் திரும்ப வந்துச்சு. தாமஸ் பூட்டெல் எழுதின ஜி.டி. நூலகம் இலவசம். வரைபடம் போடுற எத்தனையோ அறிவியல் ப்ரோக்ராம்களுக்கு அடியில அதுதான் இருந்துச்சு. 1999ல வந்த 1.6 பதிப்புல ஜிஃபைத் தூக்கிட்டு பிஎன்ஜியை வச்சார். 2004ல 2.0.28 பதிப்புலதான் ஜிஃப் மறுபடி தலைகாட்டுச்சு.

இதை கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கொடைக்கானல்லயோ குவைத்துலயோ ஒரு மாணவர் ரெண்டு வருஷம் முன்னாடி எழுதின ப்ரோக்ராம், புதுப் பதிப்பு போட்ட மறுநாள் ஓடாது. அவர் நாட்டுச் சட்டப்படி அவர் யாருக்கும் ஒரு பைசா கடன்படலை. கட்டணம் அவர் பேருக்கு வரவே இல்லை. ஆனா வசதி மட்டும் காணாமப் போயிடுச்சு. உரிமக் கட்டணத்தோட நிஜமான விலை இதுதான்னு எனக்குத் தோணுது. காசு கட்டுறது கம்பெனி, கை ஒடியுறது எங்கயோ இருக்குற ஆராய்ச்சி மாணவனுக்கு.

நல்லதும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். அறிவிப்பு வந்த ஒரே வாரத்துல, 1995 ஜனவரி 4-ல, அதே பூட்டெல் மாற்று வடிவத்தோட முதல் வரைவைப் பொதுவுல வச்சார். பல பேர் கூடி இழைச்சு, 1996 அக்டோபர்ல அது பிஎன்ஜி ஆச்சு. இன்னைக்கு நீங்க எடுக்குற ஸ்க்ரீன்ஷாட் அந்தக் கோபத்துல பொறந்த பிள்ளை.

அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20-ல காலாவதி ஆச்சு. மத்த நாடுகள்ல 2004ல.

கிண்டிக்காரர் கணக்குப் போட்டார், கல்லா வேற ஆள்கிட்ட

இப்ப ஜேபெக் கதை. இந்தக் கதையில நம்ம ஆட்கள் இருக்காங்க.

ஜேபெக் படத்தோட இதயம் டி.சி.டி.ங்கிற கணக்கு. படத்தை 8-க்கு 8 கட்டங்களா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துலயும் "பெரிய உருவம் எவ்வளவு, பொடி நெளிவு எவ்வளவு"ன்னு பிரிச்சுக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத பொடியை விட்டுட்டா நிறைய பூஜ்யம் மிஞ்சும். பூஜ்யத்தைச் சுருக்குறது சுலபம்.

இந்தக் கணக்கு 1974 ஜனவரியில ஒரு ஐ.இ.இ.இ. இதழ்ல வந்த சின்னக் கட்டுரை. மொத்தமே நாலு பக்கம். எழுதினவங்க மூணு பேர்: என். அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூர்ல பொறந்து, அங்கேயே பொறியியல் படிச்சு, அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர். நடராஜன் அவரோட முனைவர் பட்ட மாணவர். கே. ஆர். ராவ் 1952ல நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல பட்டம் வாங்கினவர், அப்ப ஆர்லிங்டன்ல டெக்சஸ் பல்கலைக்கழகத்துல இருந்தார். 2021ல காலமானார்.

அகமது 1972ல இந்த யோசனையோட அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைகிட்ட நிதி கேட்டார். கிடைக்கல. ரொம்ப எளிமையா இருக்குன்ற மாதிரி ஒரு மதிப்பீட்டாளர் எழுதினதா அவரே பின்னாடி ஒரு கட்டுரையில சொல்லியிருக்கார். 1973 கோடை விடுமுறை முழுக்க இதுலயே உக்காந்து முடிச்சாங்க. காப்புரிமைன்னு போகாம இதழ்ல போட்டுட்டாங்க. யார் வேணா எடுத்துக்கலாம். உலகமே எடுத்துக்கிச்சு. 1992ல ஜேபெக் தரநிலை வந்துச்சு, அப்புறம் எம்பெக் வீடியோ, எல்லாத்துக்கும் அடியில இதுதான்.

2002 ஜூலையில ஃபோர்ஜென்ட்னு ஒரு கம்பெனி வந்து, "ஜேபெக் எங்க காப்புரிமைக்குள்ள வருது, காசு எடு"ன்னுச்சு. எந்தக் காப்புரிமை? 1986ல விண்ணப்பிச்சு 1987ல வாங்கினது. கம்ப்ரெஷன் லேப்ஸ்ங்கிற கம்பெனியோடது, கை மாறி கை மாறி இவங்ககிட்ட வந்திருந்துச்சு. அது டி.சி.டி. கணக்கு பத்தினது இல்லை. அதுக்கு அப்புறம் மிஞ்சுற பூஜ்யங்களையும் எண்களையும் எப்படிக் குறியீடா எழுதுறதுங்கிற கடைசிக் கட்டம். முப்பதுக்குப் பக்கமான கம்பெனிகள்கிட்ட சுமார் 10.5 கோடி டாலர் வசூல். கட்டாத 31 கம்பெனி மேல 2004 ஏப்ரல்ல வழக்கு. பொதுநலக் காப்புரிமை அமைப்பு ஒண்ணு மறுபரிசீலனை கேட்க, 2006 மே மாசம் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் முக்கியமான உரிமைகோரல்களை நிராகரிச்சுது. அந்த நவம்பர்ல மீதிக் கம்பெனிகளோட 80 லட்சம் டாலருக்கு ராஜி ஆகி, கடையைக் கட்டினாங்க.

சோறு வடிச்சவங்க இலவசமா போட்டாங்க. இலை எடுத்தவர் வந்து பில்லு நீட்டினார். நீட்டின பில்லே செல்லுமான்னு நாலு வருஷம் கழிச்சுத்தான் சந்தேகம் வந்துச்சு. அதுக்குள்ள கல்லா நிறைஞ்சு போச்சு.

இன்னொரு பக்கமும் இருக்குங்க

"அப்ப காப்புரிமையே கூடாதுங்கிறியா"ன்னு கும்ம வராதீங்க. நியாயம் ரெண்டு பக்கமும் இருக்கு. காப்புரிமை எடுக்கணும்னா முறையை எழுதி வெளியிடணும். இல்லன்னா பல விஷயம் கம்பெனிக்குள்ளயே ரகசியமாப் புதைஞ்சு போகும். ரகசியத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. காப்புரிமைக்கு உண்டு.

நம்ம நாடாளுமன்றமும் இதை யோசிச்சிருக்கு. 2002ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 3(கே) பிரிவைச் சேர்த்தாங்க, 2003 மே மாசம் நடைமுறைக்கு வந்துச்சு. கணித முறை, வணிக முறை, கணினி நிரல் அதனளவில், அல்காரிதம், இதுக்கெல்லாம் காப்புரிமை இல்லை. 2004 டிசம்பர்ல ஒரு அவசரச் சட்டம் போட்டு இந்த வேலியைத் தளர்த்தப் பார்த்தாங்க. 2005ல நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏத்துக்காம பழைய வாசகத்தையே வச்சுக்கிச்சு. "அதனளவில்"ங்கிற அந்த ஒரு சொல்லை வச்சுக்கிட்டு வக்கீல்கள் இன்னும் வாதாடுறாங்க, அது வேற கதை.

சீனியர் ஃபைல் என்ன ஆச்சு?

அந்த ஃபைல்கள் எச்டிஎஃப்-5 வடிவம், உள்ளே எஸ்ஜிப்னு ஒரு சுருக்கு முறை. ராபர்ட் ரைஸ்னு நாசா விஞ்ஞானி கண்ட வழியில வந்தது. வேகமா ஓடும், புள்ளி மாறாது, அறிவியல் படத்துக்கு அருமை. ஆனா எஸ்ஜிப் மென்பொருளுக்கு ஒரு நிபந்தனை இருந்துச்சு: பிரிச்சுப் படிக்குறது இலவசம், சுருக்கி எழுதுறது வணிகமில்லாத அறிவியல் வேலைக்கு மட்டும் இலவசம், வியாபாரம்னா தனி உரிமம். கேக்க நியாயமாத்தான் இருக்கு இல்லையா? ஆனா சுதந்திர மென்பொருள் தொகுக்குறவங்க "இந்த ஆளுக்கு உண்டு, அந்த ஆளுக்கு இல்லை"ங்கிற நிபந்தனையை ஏத்துக்க முடியாது. அதனால அது இல்லாமலே நூலகத்தைக் கட்டி அனுப்பிட்டாங்க. எங்க லேப் மெஷின்ல இருந்தது அந்த மாதிரி ஒண்ணுதான்.

காப்பாத்தினது ஜெர்மனி. அங்க காலநிலைக் கணிப்பு மையத்துல லிப்ஏஇசி-ன்னு ஒரு நூலகம் எழுதி, நிபந்தனை இல்லாத உரிமத்துல வெளியிட்டிருக்காங்க. எஸ்ஜிப் இருக்குற இடத்துல அப்படியே பொருந்தும். அதை வச்சு நூலகத்தைத் திரும்பக் கட்டினேன். ஒரு நாள் போச்சு, ஆனா ஃபைல் திறந்துடுச்சு. அத்தனை புள்ளியும் பத்திரம். அண்ணன்கிட்ட காட்டினேன். "இந்த மஞ்சக் கறைக்கா தம்பி இவ்வளவு பாடு"ன்னார். ஆமாண்ணே, அந்த மஞ்சக் கறைதான் என் பட்டம்.

இப்ப எனக்கு இருக்குற கேள்வி

என் ஆய்வுப் படங்களை எதுல சேமிக்கப் போறேன்னு அடுத்த வாரம் கைடுகிட்ட சொல்லணும். லேப்ல ஒரு வணிக மென்பொருள் இருக்கு. வேவ்லெட் முறையில பத்துல ஒரு பங்கா சுருக்கித் தரும், பார்க்க அழகா இருக்கும். பெரிய வரைபடங்களுக்கு இந்த வகை ரொம்பப் பிரபலம். இதுலயும் சண்டை நடந்திருக்கு. லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல பொறந்த எம்ஆர்சிட் முறையை வச்சிருந்த லிசார்ட்டெக், ஆஸ்திரேலிய இஆர் மேப்பர் மேல வழக்குப் போட்டு, 2005ல அமெரிக்க மேல்முறையீட்டு கோர்ட்டுல தோத்துச்சு. அந்த லேப் மென்பொருளோட உரிமம் அடுத்த வருஷம் முடியுது. புதுப்பிப்பாங்களான்னு யாருக்கும் உறுதியில்லை.

வானியல்காரங்க 1981ல இருந்து ஃபிட்ஸ்னு ஒரு வடிவம் வச்சிருக்காங்க. "ஒருமுறை ஃபிட்ஸ்னா எப்பவும் ஃபிட்ஸ்"ங்கிறது அவங்க கொள்கை. பழைய ஃபைலைப் புது விதி செல்லாததா ஆக்கக் கூடாது. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிச்சிருக்கு. அதனால நான் மூணு கேள்வி எழுதி வச்சிருக்கேன்:

1. படிக்க மட்டும் இலவசமா, எழுதவும் இலவசமா? படிக்க மட்டும் இலவசம்னா அது பாதிக் கதவு.

2. ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் சம்பந்தமில்லாத ரெண்டு பேர் எழுதின ப்ரோக்ராம் அதைத் திறக்குமா? ஒரே கம்பெனின்னா அந்தக் கம்பெனியோட ஆயுசுதான் உங்க தரவோட ஆயுசு.

3. சுருக்குறதுல புள்ளி மாறுமா? கண்ணுக்கு அழகா இருந்தா போதாது. என் தூசி இருக்குறதே அந்தப் பொடி நெளிவுலதான்.

பத்துல ஒரு பங்கு இல்லாம ரெண்டுல ஒரு பங்குதான் சுருங்கும். இன்னும் ரெண்டு ஹார்டு டிஸ்க் வாங்கணும். வாங்கிக்கலாம்னு இருக்கேன். எனக்கப்புறம் வர்ற பையனோ பொண்ணோ அதைத் திறக்கணும். காப்புரிமை இருபது வருஷத்துல செத்துடும், ஹார்டு டிஸ்க்கை அதுக்கு முன்னாடியே மாத்திடுவோம். ஆனா இன்னைக்கு எந்த வடிவத்துல எழுதுறோமோ, அது நம்ம ஆராய்ச்சி இருக்குற வரைக்கும் கூடவே வரும்.

நீங்க சொல்லுங்க. அகமதும் நடராஜனும் ராவும் அன்னைக்கு டி.சி.டி.க்குக் காப்புரிமை எடுத்திருக்கணுமா? எடுத்திருந்தா அவங்க பேரு இன்னும் நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஆனா ஜேபெக் வந்திருக்குமா? எனக்கு ஒரு பதில் இருக்கு. உங்களோடதைக் கேட்டுட்டுச் சொல்றேன். ஆட்டோ அனுப்பாம பின்னூட்டம் போடுங்க.

பி.கு.: கைடு ஒத்துக்கிட்டாரா இல்லையான்னு அடுத்த பகுதியில.